எந்தத் தாயின் பால்

மன்னார்
11.03.2024

செல்வி பஸ்மினா அவர்களுக்கு,

மருந்து ஏற்றிவரும் வான் வண்டியில் வந்த உங்கள் கடிதம் கிடைத்தது. ‘மறுபரிசீலனை முடியும்வரை மன்னார்க் கிளையின் தாய்ப்பால் வங்கித் திட்டம் நிறுத்தி வைக்கப்படுகிறது’ என்று ஒரே ஒரு வரி. கீழே உங்கள் கையெழுத்து. வேறு யாருடைய கையெழுத்தாக இருந்தாலும் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

தொலைபேசியில் கேட்க நினைத்தேன். கதைத்தால் ஒன்றில் சண்டை பிடிப்பேன், இல்லாவிட்டால் அழுவேன். இரண்டும் எனக்கு வேண்டாம். அதனால் வான் கொழும்புக்குத் திரும்பும்போது இதைச் சாரதியிடம் கொடுத்து விடுகிறேன்.

ஓலைத்தொடுவாய் நிறஞ்சலாவை நினைவிருக்கிறதா? நீங்கள் இங்கே நிர்வாக உத்தியோகத்தராக இருந்தபோதுதான் அவள் வந்தாள். பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. பெற்று, ஒருதரம் மடியில் வைத்துப் பார்த்து, அடக்கம் செய்யச் சேமக்காலைக்கு அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். இரண்டு நாள் போனபின் ஒரு காலையில் அவளுக்குப் பால் சுரந்தது. சட்டை, படுக்கை விரிப்பு எல்லாம் நனைந்துவிட்டது. இத்தனை வருடம் தாதியாக இருந்தவள் நான், பால் சுரப்பது எனக்குப் புதிதா? இருந்தும் அன்றைக்குத் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளை இல்லை என்பது அந்த உடம்புக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொண்டே அது தன் வேலையைச் செய்தது. எது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பக்கத்து அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குறைமாதப் பிள்ளை. அதன் தாய் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். பால்மாவைப் பிள்ளையின் குடல் ஏற்கவில்லை. தாதிமார் கதைத்தது நிறஞ்சலாவின் காதில் விழுந்திருக்கிறது. “சிஸ்டர், நான் குடுக்கலாமோ?” என்று கேட்டாள்.

“அதுக்கு இஞ்ச வழியில்லைப் பிள்ளை” என்றேன். அந்தப் பிள்ளையும் அந்தக் கிழமை முடியுமுன்னே போய்விட்டது.

அது போன அன்று பின்னேரம் கன்ரீனில் பிளேன்ரீ ஆறிப்போகும்வரை நாம் இருவரும் இருந்து கதைத்தோம். தாய்மார் தரும் பாலைச் சேர்த்து, கிருமி நீக்கி, குளிரில் வைத்து, பால் கிடைக்காத பிள்ளைக்குக் கொடுக்க முடியாதா என்று கேட்டது நான். அதை நம் ஆஸ்பத்திரிகளை நடத்தும் நிறுவனத்துக்கு விளங்கும் மொழியில் எழுதியது நீங்கள். தலைமைக் கந்தோருக்கு மாற்றலாகிப் போனபோது, “அக்கா, இதை நான் மேல்மாடி வரைக்கும் கொண்டு போவன்” என்றீர்கள்.

கொண்டுபோனீர்கள். புதிய யோசனைக்கான பரிசும் எனக்குக் கிடைத்தது. நிறுவனத்தின் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றின் வாசலிலும் இப்போது என் படம் தொங்குகிறது. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரம் வந்து, பெட்டி பிரிக்காமல் எங்கள் நடையில் நிற்கிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றித்தான் நடக்கிறோம்.

இந்த நேரத்தில் நிறுத்தச் சொல்கிறீர்கள். ஏன்?

டிலோஜினி
குறைமாதப் பிள்ளைகள் பிரிவு


கொழும்பு
18.03.2024

அன்புள்ள டிலோ அக்கா,

என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் பழகிய நாள் தொட்டு உங்களுக்கு நான் ‘நீர்’தான். கோபம் எவ்வளவு என்று அந்த ஒரு சொல்லிலேயே விளங்கிவிட்டது.

நிறஞ்சலாவை நான் மறக்கவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்துக்கு எட்டு மாடி. ஒரு யோசனை கீழ்மாடியிலிருந்து ஏறத் தொடங்கினால் எல்லா மாடியிலும் அதை இருத்தித் தேநீர் கொடுப்பார்கள். உங்கள் யோசனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. வாசித்துவிட்டுக் கண்கலங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மாடியிலும் ஏதோ ஒன்றைச் சேர்த்தார்கள், ஏதோ ஒன்றை எடுத்தார்கள். பல தாய்மாரின் பாலை ஒன்றாகக் கலந்து சூடாக்கினால் வேலை சுலபம் என்றார் கிருமித் தடுப்பு டொக்டர். தந்தவரின் பெயர் யாருக்கும் தெரியக்கூடாது என்றார் சட்டப் பிரிவின் சீவரத்தினம் ஐயா. வெளிநாடுகளில் அப்படித்தானாம். ஒருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. கடைசிப் பிரதி என் மேசைக்கு வந்தபோது அது நாம் கன்ரீனில் கதைத்த விஷயத்தைப் போலவே இருந்தது. ஆனால் அதற்குள் தாய் ஒருத்தியும் இல்லை. பால் மட்டும் இருந்தது.

அக்கா, உங்கள் அறைக்கு எங்கள் முஸ்லிம் ஊர்களான எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் மார்க்கத்தில், ஒரு பெண்ணின் பாலைக் குடித்து வளர்ந்த பிள்ளை அவளுக்கும் பிள்ளை. அவள் பெற்றவர்கள் அந்தப் பிள்ளைக்கு உடன்பிறப்புகள். பிறகு அவர்களுக்குள் கலியாணம் கூடாது. வங்கிப் பாலுக்கு இது பொருந்தாது என்று சொல்லும் உலமாக்களும் இருக்கிறார்கள். ஆனால் கண்ணாடிப் பெட்டியருகே நிற்கும் தாய்க்கு அந்த விளக்கம் போதாது. பெயர் தெரியாத பல பெண்களின் பாலைக் கலந்து நீட்டினால் எங்கள் பெண்கள் வாங்க மாட்டார்கள், தரவும் மாட்டார்கள்.

திறப்பு விழா நடக்கும், நாடா வெட்டுவார்கள். பிறகு அறையில் பாதித் தாய்மார் தலையை ஆட்டி மறுப்பார்கள். ‘மன்னாரில் சரிவரவில்லை’ என்று மேலே எழுதுவார்கள். அதோடு இந்த யோசனை எந்த ஊரிலும் எழும்பாது. அதனால்தான் பிடித்து நிறுத்தினேன். என்னோடு கோபப்படுமுன் எருக்கலம்பிட்டிக்கு ஒருதரம் போய்க் கேளுங்கோ.

பஸ்மினா


மன்னார்
26.03.2024

செல்வி பஸ்மினா அவர்களுக்கு,

பிள்ளை உயிரோடு இருந்தால்தானே கலியாணப் பேச்சு?

இன்று விடிய ஒரு பெண்பிள்ளை வந்தது. என் உள்ளங்கையில் தலை, மணிக்கட்டில் கால். தாய்க்கு இன்னும் பால் இறங்கவில்லை. அதே அறையில் இன்னொருத்தி, தன் பிள்ளை குடித்து மிஞ்சிய பாலைப் பிழிந்து கைகழுவும் தொட்டியில் ஊற்றினாள். ஊற்றும்போது என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பினேன். இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லாததால் உங்களுக்குச் சொல்கிறேன்.

விரும்புகிறவர்களுக்கு முதலில் தொடங்கலாமே. விரும்பாதவர்கள் வேண்டாம் என்று சொல்லட்டும். இருபது வருடத்துக்குப் பிறகு யாரை யார் முடிப்பது என்பதற்காக இன்றைக்கு ஒரு வாயை மூடச் சொல்கிறீர்கள். கொழும்பில் குளிர் அறைக்குள் இருந்து மார்க்கம் பேசுவது இலகு. ஒரு பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கி, ஏறாமல் நிற்பதை நீங்கள் பார்த்ததில்லை.

இனி எழுத வேண்டாம்.

டிலோஜினி


கொழும்பு
09.04.2024

அன்புள்ள டிலோ அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் எழுதிவிடுகிறேன். பதில் தேவையில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் எனக்கு இரண்டு மாதம். முஸ்லிம்கள் எல்லோரும் மன்னார்த் தீவை விட்டுப் போக வேண்டும் என்று துவக்கோடு வந்தவர்கள் சொன்னார்கள். கரையில் காத்துக் கிடந்து, கிடைத்த படகில் ஏறி, எங்கள் சனம் கற்பிட்டிப் பக்கம் போனது. என்னைத் தூக்கிக்கொண்டு ஏறிய உம்மாவுக்குப் பயத்தில் பால் நின்றுவிட்டது. நான் அழுது அழுது, பிறகு அழவும் பலமில்லாமல் கிடந்தேனாம்.

படகில் கைப்பிள்ளையோடு இன்னொரு பெண் இருந்திருக்கிறார். உம்மா கேட்கவில்லை. அவராகக் கையை நீட்டி என்னை வாங்கினாராம். தன் பிள்ளை ஒரு பக்கம், நான் மறுபக்கம். கரையில் இறங்கி மரங்களுக்குக் கீழே கிடந்த நாட்களிலும் அவர்தான் தந்தார். பிறகு ஒரு லொறி வந்து சிலரை ஏற்றிப் போனது. அவரும் அதில் போய்விட்டார். உம்மா அவருடைய பெயரைக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் யார் யாருடைய பெயரைக் கேட்டார்கள்? முகமும் சரியாக நினைவில்லை என்பார். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அந்தப் பெண்ணுக்காகத் துஆ கேட்பார், பெயர் இல்லாமலே. சின்ன வயதில் அதைப் பார்க்க எனக்கு உடம்பு சிலிர்க்கும். என்னை உயிரோடு வைத்த ஒருவர் இந்த நாட்டில் எங்கேயோ இருக்கிறார். சந்தையில் பக்கத்தில் நின்றால்கூட எனக்குத் தெரியாது.

கலியாண வயது வந்தது. யார் பெண் கேட்டு வந்தாலும் உம்மாவின் முதல் கேள்வி, “நீங்க எந்தப் படகுல வந்தீங்க?” புத்தளத்தில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், பல்கலைக்கழகத்தில் ஒருவரைச் சந்திக்கும்வரை. அவருக்கும் எருக்கலம்பிட்டிதான் சொந்த ஊர். என்னைவிடச் சில மாதம் மூத்தவர். நல்ல மனிதர், அக்கா. வீட்டில் சொன்னேன். உம்மா அதே கேள்வியைக் கேட்டார்.

அவருடைய உம்மாவும் கைப்பிள்ளையோடு அதே நாட்களில் படகேறியவர். எந்தப் படகு என்று சொல்ல அவர் உயிரோடு இல்லை. உறவினர் ஆளுக்கொரு படகில் வந்திருந்தார்கள். நாங்கள் எத்தனையோ பேரைப் போய்க் கேட்டோம். ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அவர் என் சகோதரனாக இருக்கலாம், யாரோவாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாமல் பிரிந்தோம். இன்றைக்கும் தெரியாது.

நான் பாலைத் தடுக்கவில்லை, அக்கா. பாலால் பிழைத்தவள் நான். பெயரையும் சேர்த்துக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பஸ்மினா


மன்னார்
02.06.2024

பஸ்மினா,

உம்முடைய கடிதம் வந்தபின் எத்தனையோ வான் வந்து வெறுமனே திரும்பிப் போனது. எழுத உட்கார்ந்தால் அந்தப் படகுதான் கண்ணுக்குள் வரும். இரண்டு பக்கமும் பிள்ளையோடு இருந்த அந்த மனிசி. நான் பேனையை மூடி வைத்துவிடுவேன்.

பிறகு எருக்கலம்பிட்டிக்குப் போனேன். ஷப்னா என்றொரு ஆசிரியை, பிள்ளை வேண்டும் என்று காத்திருக்கிறாள். எங்கள் கிளினிக்குக்கு வருகிறவள். தன் வீட்டு விறாந்தையில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்திருந்தாள். நான் முதலில் பழைய திட்டத்தைச் சொன்னேன். நீர் எழுதியது போலவே நடந்தது. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒருத்தி என் கோப்பைக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். அந்த மரியாதையே போதும், எனக்கு விளங்கிவிட்டது.

“சரி, கலக்காமல், ஒரு தாயின்ர பாலை மட்டும், அவவின்ர பேரோட தந்தால்?” என்று கேட்டேன்.

உடனே எல்லோரும் ஒன்றாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஷப்னாதான் கையைத் தூக்கி அடக்கினாள். “பேர் மட்டும் காணாது சிஸ்டர். ஆளைப் பாக்க வேணும். அவ என்ர பிள்ளைக்குத் தாயெல்லோ? தாயைக் காணாமல் எப்படி?”

“வேதக்காரர், எங்கட கிறிஸ்தவச் சனம் எண்டால்?” என்று கேட்டேன்.

“எந்த வேதமெண்டாலும் தாய் தாய்தான்.”

மௌலவி அப்துல் றசாக்கையும் போய்ப் பார்த்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். “தெரிஞ்சிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. தெரியாமல் இருக்கிறதுதான் கரைச்சல்” என்றார். பிறகு, “இது உங்கட கந்தோர்காரருக்கு விளங்குமோ?” என்று கேட்டார்.

வரும் வழியில் ஓலைத்தொடுவாயில் இறங்கி நிறஞ்சலாவைக் கண்டேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டு இருந்தாள். நீ அன்றைக்குக் கொடுத்திருந்தால், யாருக்குக் கொடுத்தாய் என்பது மறைவாக இருந்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். வலையைக் கீழே வைத்துவிட்டாள். “மறைவாகவோ? ஏன் சிஸ்டர்? அந்தப் பிள்ளை குடிக்கிறதை ஒருக்காப் பாத்திருந்தால் எனக்கு அது போதுமாயிருந்திருக்கும்.”

பஸ்மினா, யோசித்துப் பாரும். தருகிறவளுக்கு அந்த மறைவு வேண்டாம், வாங்குகிறவளுக்கும் வேண்டாம். எட்டு மாடியும் சேர்ந்து, ஒருவரும் கேட்காத ஒன்றைக் கவனமாகப் பாதுகாத்திருக்கிறது. திரும்பி பஸ்ஸில் வரும்போது இதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பாலத்தடியில் கடல் தெரிந்தது. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று மூன்று சனமும் இந்தச் சின்னத் தீவில் இத்தனை காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கிறோம். ‘எந்த வேதமெண்டாலும் தாய் தாய்தான்’ என்று ஷப்னா இவ்வளவு இலகுவாகச் சொல்லிவிட்டாள்.

இனி உம்முடைய வேலை. கலக்கக்கூடாது. பெயர் வேண்டும். இருவரும் விரும்பினால் நேரில் சந்திக்க வேண்டும். மேலே கொண்டுபோம்.

டிலோ


கொழும்பு
20.08.2024

அன்புள்ள டிலோ அக்கா,

‘நீர்’ திரும்பி வந்துவிட்டது. அந்தக் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

உங்கள் மூன்று கோரிக்கையையும் ஒழுங்காக எழுதிக் கீழ்மாடியிலிருந்து மறுபடி ஏற்றினேன். இந்தத் தடவை தேநீர் இல்லை. தனித்தனியாகச் சூடாக்கினால் இயந்திரம் ஓயாமல் ஓட வேண்டும் என்றார் டொக்டர். பரிசு கொடுத்து அச்சடித்த திட்டத்தை மாற்றினால் வெளியே என்ன சொல்வது என்றது விளம்பரப் பிரிவு. சீவரத்தினம் ஐயா என் தாளைத் திருப்பித் தந்து, உலக வழக்கம் ஒன்று இருக்கிறது, மன்னாருக்காக அதை மாற்ற முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியும். கந்தோரில் பேசுவதில்லை.

இனித் தாளில் ஒன்றும் ஏறாது என்று விளங்கிவிட்டது. பணிப்பாளர் சபைக் கூட்டத்துக்கு முந்தின கிழமை, அதற்கு வரும் ஒவ்வொருவரையும் தனியாகக் கண்டு, “உங்கள் அம்மாவின் பெயர் என்ன?” என்று மட்டும் கேட்டேன். ஏன் என்று சிலர் கேட்டார்கள். சிரித்துச் சமாளித்தேன்.

கூட்ட நாளில் அவரவர் இருக்கைக்கு முன்னால் ஒரு சின்னப் போத்தல் பால் வைத்தேன். ஒவ்வொரு போத்தலிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. சோமாவதி. கத்லீன். உம்மு ஹபீபா. பார்வதிப்பிள்ளை. வந்து உட்கார்ந்தவர்கள் முதலில் பெயரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். தலைவர் தன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய தாய் காலமாகி அதிக நாளாகவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

“இப்போது நம்மிடம் இருக்கும் திட்டம் இதுதான்” என்று சொல்லி நடுவில் ஒரு கண்ணாடிச் சாடியை வைத்தேன். முதல் போத்தலை எடுத்து அதில் ஊற்றினேன். இரண்டாவதை ஊற்றினேன். ஊற்றிய போத்தலில் இருந்த பெயரை உரித்துக் கூடையில் போட்டேன். அடுத்தது சீவரத்தினம் ஐயாவின் போத்தல். கையை நீட்டினேன். அவர் தன் உள்ளங்கையால் அதை மூடிவிட்டார்.

“பொறுங்கோ பிள்ளை” என்றார், தமிழில்.

நான் பொறுத்தேன். அவர் கையை எடுக்கவே இல்லை. வெறும் பால்மாவைக் கரைத்து நான் நிரப்பிய போத்தல் அது, அவருக்கும் அது தெரியும். இருந்தும் அந்தக் கை அப்படியே இருந்தது. அக்கா, எத்தனையோ பேர் சேர்ந்த ஒரு பெரிய நிறுவனம் மனம் மாறுவதை நான் முதல்தரம் கண்ணால் பார்த்தேன். இடி மாதிரி ஏதோ கேட்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு வயதான மனிதரின் கை ஒரு போத்தலின் மேல் இருந்தது, அவ்வளவுதான்.

தலைவர் கேட்டார், “உனக்கு என்ன வேண்டும்?” மன்னாரில் மட்டும், நம் முறைப்படி, ஒரு சோதனை என்றேன். இயந்திரம் ஓயாமல் ஓடட்டும், பரவாயில்லை என்று டொக்டரே சொல்லிவிட்டார். தாய்மார் இருவரும் சம்மதித்தால் சந்திக்கலாம் என்ற வரியைச் சீவரத்தினம் ஐயா அன்று மாலையே தன் கைப்பட எழுதித் தந்தார்.

நடையில் நிற்கும் பெட்டியைப் பிரியுங்கோ.

பஸ்மினா


மன்னார்
27.01.2025

பஸ்மினா,

பெட்டியைப் பிரித்தோம். பிரித்த பிறகும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. இயந்திரத்தைப் பழக ஆட்கள் வர வேண்டும், தாய்மாரின் இரத்தம் சோதித்து முடிவு வர வேண்டும். மாரியில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. குளிர்ப்பெட்டிக்குத் தனியாக ஜெனரேற்றர் வைக்கும்வரை ஒரு சொட்டும் எடுக்கமாட்டேன் என்று நின்றேன். தந்த பாலைக் கெடவிட்டால் அந்தத் தாயின் முகத்தில் எப்படி முழிப்பது?

ஆனால் பெண்கள் வந்தார்கள். பேசாலையிலிருந்து வந்தார்கள், அரிப்புக் கிராமத்திலிருந்து பஸ் மாறி வந்தார்கள். ஒருத்தியும், இதனால் எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை. ‘எந்தப் பிள்ளை?’ என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

போன கிழமை ஷப்னா வந்தாள். நாள் இன்னும் நிறைய இருக்க, இரத்தப் பெருக்கோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண்பிள்ளை. தாயைப் பிழைக்க வைப்பதே பெரும் பாடாகிவிட்டது. பால் இறங்கவில்லை. பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் மூடிய கண்ணோடு கிடந்தது. தோலுக்குள்ளால் நரம்பு தெரிந்தது.

குளிர்ப்பெட்டியில் பேசாலை றஞ்சிதத்தின் பால் இருந்தது. ஆள் அனுப்பினேன். கைப்பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு உடனே வந்துவிட்டாள். ஷப்னாவின் கட்டிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இவளுக்கு எழும்ப முடியாது. அவளுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டேன்.

“உங்கட பேர்?” என்று ஷப்னா கேட்டாள்.

“றஞ்சிதம்.”

ஷப்னா அந்தப் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். திரும்பவும் சொன்னாள். “வீடு?”

“பேசாலை. கோயிலுக்குப் பின்பக்கம். கேட்டால் ஆரும் காட்டுவினம்.”

“என்ர மகள் பெரிசானாப்போல உங்களைத் தேடி வருவாள்.”

“வராட்டி நான் வந்து பாப்பன்” என்றாள் றஞ்சிதம்.

பிறகு அவளைப் பெட்டியருகே கூட்டி வந்தேன். முதல் தரம் குழாயில் கொடுக்காமல், ஊசிக்குழலால் ஒரு சொட்டை உதட்டில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சொட்டு அப்படியே உதட்டில் நின்றது. பிறகு நாக்கு வந்தது, பஸ்மினா. ஒரு பூவிதழ் அளவு இருக்கும். வந்து அந்தச் சொட்டைத் தேடி எடுத்துக்கொண்டு உள்ளே போனது. தொண்டை ஒருமுறை அசைந்தது.

தரை கூட்டிக்கொண்டிருந்த சிவக்கொழுந்தக்கா தும்புத்தடியைப் பிடித்தபடியே நின்றா. தாதிமார் நின்றார்கள். றஞ்சிதத்தின் சட்டை நனைந்துவிட்டது. அவளுக்கு அது தெரியவே இல்லை. நான் எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்குப் பால் பருக்கியிருப்பேன். இருந்தும் என் கை அந்த ஊசிக்குழலோடு அந்தரத்தில் நின்றது. கோயில் பூசையில், சுவாமி அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற நேரத்தில் வரும் அமைதி அது. அப்போதுதானே ஒருவரும் இருமவும் மாட்டார்கள்.

பிள்ளை நிறை கூடுகிறது. நீர் வந்து பாரும்.

டிலோ


கொழும்பு
17.03.2025

அன்புள்ள டிலோ அக்கா,

மன்னாரில் உங்களோடு நின்ற இரண்டு நாளும் நான் அதிகம் பேசவில்லை. கோபமா என்றுகூட நீங்கள் கேட்டீர்கள். எட்டு மாடியிலும் எத்தனை கையெழுத்து, எத்தனை கூட்டம், எத்தனை திருத்தம். அதெல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். ஷப்னாவின் பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தது. என்ன பேசுவது?

சோதனை முடிந்ததாகச் சபை எழுதிவிட்டது. மற்ற ஆஸ்பத்திரிகளிலும் இதே முறைதான், கலக்காமல், பெயரோடு. தெற்கே காலி நகரிலிருந்து ஒரு மேட்ரன் தொலைபேசியில் கூப்பிட்டு, தங்கள் பெண்களும் பிள்ளையைப் பார்க்க ஆசைப்படுவார்கள், தங்களுக்கும் அந்தச் சந்திப்பு உண்டா என்று கேட்டார். வழக்கத்தை மன்னாருக்காக மாற்ற முடியாது என்றிருந்தார்கள்; இப்போது மன்னாரின் வழக்கம் மற்ற ஊர்களுக்குப் போகிறது. சீவரத்தினம் ஐயா இதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இந்தக் கடிதம் எழுதுவது வேறு ஒரு காரணத்துக்கு. நான் புறப்பட்ட அன்று, ஒரே நேரத்தில் இரண்டு ஆண்களைப் பிள்ளைகளின் அறைக்குள் விட்டதற்காக வாசலில் நின்ற தாதி நிருஷாவை நீங்கள் ஏசினீர்களாம். ஒரு பிள்ளைக்கு ஒரு தகப்பன்தான் உள்ளே வரலாம் என்பது உங்கள் சட்டம். நிருஷாவை ஏச வேண்டாம், அக்கா. நீங்கள் உள்ளே நின்றதால் நடந்ததைப் பார்க்கவில்லை. நான் நடையில் இருந்து பார்த்தேன்.

ஷப்னாவின் கணவர் நிப்ராஸ் நடையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் பிள்ளையை வீட்டுக்கு விடப்போகிறீர்கள் என்ற சந்தோசம். றஞ்சிதத்தைக் கூட்டிப்போக அவருடைய கணவர் பஸ்ரியன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கடலால் வந்த கையோடு வந்திருக்க வேண்டும், காலில் மணல் இருந்தது. இருவரும் அதுவரை கண்டதில்லை. யார் எவர் என்று கதைத்துத் தெரிந்துகொண்டார்கள். பிறகு நிப்ராஸ் சொன்னார், “அண்ணை, உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. நீங்களும் இப்ப அவளுக்கு வாப்பா.”

“ஆர்? நானோ?”

“ஓம். உங்கட மனிசிட பாலைக் குடிச்சவள். அவ தாயெண்டால் நீங்கள் தகப்பன். எங்கட மார்க்கத்தில அப்பிடித்தான். நாளைக்கு அவள் உங்களுக்கு முன்னால முகம் மறைக்கத் தேவையில்லை. உங்கட பிள்ளைகள் அவளுக்குக் கூடப்பிறந்த ஆக்கள்.”

பஸ்ரியன் அவரையே பார்த்தார். ஏதோ பகிடி விடுகிறாரோ என்று பார்த்திருக்கலாம். பிறகு முன்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

“எனக்கு நாலும் பொடியன், தம்பி” என்றார் பஸ்ரியன்.

அவ்வளவுதான் சொன்னார். எழும்பி, நடை முடிவில் இருக்கும் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கையைக் கழுவினார். விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் கழுவினார். கால் மணலையும் கழுவினார். சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, ஈரக் கையை எதிலும் படாமல் முன்னால் பிடித்தபடி உங்கள் வாசலில் போய் நின்றார். நிப்ராசும் எழும்பிப் போய்ப் பக்கத்தில் நின்றார்.

நிருஷா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, “நீங்கள் ஆர்?” என்று கேட்டாள்.

பஸ்ரியன் முன்னால் ஓர் அடி வைத்தார். “தகப்பன்” என்றார்.

அவள் நிப்ராசைப் பார்த்தாள். “அப்ப நீங்கள்?”

“நானும் தகப்பன்தான்” என்றார் நிப்ராஸ்.

நிருஷா ஒருவரை மாறி ஒருவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு கதவையும் நன்றாகத் திறந்துவிட்டாள்.

பஸ்மினா